வலி போனால் போதுமா?

விளையாட்டுக் களத்தில் ஓடிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்று திரும்புகிறார். முழங்காலுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் மூட்டு வீங்கிவிடுகிறது. “ஜவ்வு கிழிந்துவிட்டது” என்கிறார் டாக்டர். அறுவைச் சிகிச்சை நன்றாகவே நடந்து முடிகிறது. இனிக் கவலையில்லை என்று வீட்டார் பெருமூச்சு விடுகிறார்கள். உண்மையில் பாதி வேலைகூட முடியவில்லை. மீதி வேலை டாக்டருடையதன்று, காயம்பட்டவருடையது.

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள்ளே பிணைத்து நிற்கும் நார்களுள் ஒன்று முன் சிலுவைத் தசைநார். திரும்பும்போதும் தாவும்போதும் மூட்டு நழுவாமல் காப்பது அதுவே. அது முற்றிலும் அறுந்துபோனால், பெரும்பாலும் காயம்பட்டவரின் உடலிலிருந்தே வேறொரு நாரை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். வயலில் நட்ட நாற்று முதலில் வாடி, பிறகுதானே பச்சை பிடிக்கிறது? இந்த நாரும் அப்படித்தான். முதல் சில வாரங்களில் பலம் குன்றி, புதிய இரத்த ஓட்டம் பெற்று, மாதக் கணக்கில் மெல்ல மெல்ல உறுதிப்படுகிறது.

இதற்குள் தொடைத் தசையும் மெலிந்துவிடுகிறது. ஆகவே முதல் நாட்களிலிருந்தே, சொல்லிக்கொடுத்தபடி பயிற்சி செய்தாக வேண்டும். வீக்கத்தைக் குறைப்பதும், காலை முழுவதும் நீட்டப் பழகுவதும் முதற்பாடம். இதமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்தே கிடந்தால், கால் முழுதாக நீளாமலே போகக்கூடும். பயந்து சும்மா கிடப்பது ஒரு தவறு.

அவசரப்படுவது அதைவிடப் பெரிய தவறு. மூன்று மாதம் ஆனதும் பலருக்கு வலி இருப்பதில்லை, நடை சீராகிவிடுகிறது. ஆபத்து அங்கேதான் காத்திருக்கிறது. வலி போய்விட்டது; பலம் இன்னும் வரவில்லை! நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 106 பேரை இரண்டாண்டுக் காலம் கவனித்து, 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் வரையில், களத்துக்குத் திரும்புவதை ஒரு மாதம் தள்ளிப்போடுந்தோறும் மறுபடி காயம்படும் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்பது அதன் முடிவு. நாட்காட்டி மட்டும் போதாது. காயம்பட்ட காலின் தொடை வலு, மற்றக் காலின் வலுவில் நூற்றுக்கு 90 பங்காவது இருக்கிறதா என்றும் சோதித்துப் பார்க்கிறார்கள்.

நெதர்லாந்து கால்பந்து அணித் தலைவர் வெர்ஜில் வான் டைக்கின் முழங்கால் 2020 அக்டோபரில் காயம்பட்டது. அடுத்த ஜூன் மாதம் ஐரோப்பியக் கோப்பைப் போட்டி. தலைவரே இல்லாமல் நாடு ஆடுவதா என்ற கேள்வி எழாமலா இருக்கும்? ஆயினும் அவர் அப்போட்டிக்குச் செல்லவில்லை. 2021 ஆகஸ்டில் லிவர்பூல் அணிக்காக மீண்டும் லீக் ஆட்டத்தில் இறங்கினார். அந்தப் பருவத்தில் அவருடைய அணி இரண்டு கோப்பைகளை வென்றது. நம் நாட்டு வினேஷ் போகாட் 2016 ரியோ ஒலிம்பிக்கில் சீன வீராங்கனை சுன் யனானுடன் மோதியபோது முழங்கால் காயம்பட்டு, ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்லப்பட்டார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அதே சுன் யனானை வென்று, தங்கமும் பெற்றார்.

இவர்களுக்குப் பயிற்சி தர நிபுணர்கள் இருந்தார்கள். நம் ஊர்க் கபடி வீரனுக்கு யார் இருக்கிறார்கள்? அறுவைக்கே கடன் வாங்கிய குடும்பம், இயன்முறைச் சிகிச்சைக்கு வாரந்தோறும் பஸ் ஏறிச் செல்லுமா? இதற்கிடையே, “இன்னுமா கால் சரியாகவில்லை?” என்று குழுவினர் கேட்கிறார்கள். ரோஷத்தில் அவன் களம் இறங்குகிறான். இரண்டாம் முறை விழுந்தால், அது அவனுடைய ஆட்டத்துக்கு மட்டுமல்ல, பிழைப்புக்கும் முடிவாகலாம்.

கோப்பைக்கும் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் ஒதுக்கும் விழாக் குழுவினர், காயம்பட்ட வீரனின் சிகிச்சைக்கும் ஒரு பங்கு ஒதுக்கலாகாதா? மாவட்ட விளையாட்டரங்குகளில் இத்தகையோருக்குப் பயிற்சி தர அரசு ஏற்பாடு செய்யலாகாதா? பயிற்சியாளர்களும் ஒரு விதியை ஏற்க வேண்டும்: டாக்டர் சரி என்று சொல்லும்வரை, எவ்வளவு சிறந்த வீரனாயினும் வெளியேதான் உட்கார வேண்டும். வீரனை உட்கார வைப்பதும் பயிற்சியாளரின் கடமையே.

ஒரு பருவத்தை இழப்பது பெரிய நஷ்டமல்ல. அடுத்த ஆண்டும் பொங்கல் வரும், பந்தயம் நடக்கும். அப்போது ஓடுவதற்குக் கால் வேண்டும்.