அறிவோம்: ஓர்கனின் குரல் அசைவது எப்படி?

வாசகர் ஒருவர் எமக்கு எழுதியிருக்கிறார். அவர்கள் வாராவாரம் கூடும் தேவாலய மண்டபத்தின் மூலையில் பழைய ஹமொண்ட் ஓர்கன் ஒன்று கிடக்கிறதாம். போட்டால் சத்தம் வருகிறது. ஆனால் உயிரில்லாத, ஒரே சீரான சத்தம். மின்சார வேலை பழகிய தம்பி ஒருவர் பின்பலகையைக் கழற்றிப் பார்க்கலாம் என்கிறார். மற்றவர்கள் குப்பைக்கு அனுப்பிவிடலாம் என்கிறார்கள். எது சரி என்று கேட்கிறார். பதில் சொல்ல முன், அந்தப் பெட்டிக்குள் நடப்பது என்ன என்று பார்ப்போம்.

அமெரிக்காவின் சிக்காகோ நகரில் லோறன்ஸ் ஹமொண்ட் என்பவர் 1935இல் இந்த ஓர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இதில் காற்றும் இல்லை, குழலும் இல்லை. விளிம்பில் மேடு பள்ளமாக வெட்டப்பட்ட சிறிய இரும்புச் சக்கரங்களை ஒரு மோட்டார் சுழற்றுகிறது. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கம்பிச் சுருள் சுற்றிய காந்தம் ஒன்று உண்டு. மேடு காந்தத்தைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் சுருளில் மெல்லிய மின்னோட்டம் துடிக்கிறது. புகழ்பெற்ற பி-3 மாதிரியில் இப்படி 91 சக்கரங்கள்.

இந்த மெல்லிய துடிப்பால் ஸ்பீக்கரை அசைக்க முடியாது. இங்கேதான் வால்வு வருகிறது. ஊரில் வால்வு றேடியோவைத் திருகிவிட்டு, அது சூடாகிச் சத்தம் வரும்வரை காத்திருந்தவர்களுக்கு அது புதிதல்ல. காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குமிழுக்குள் சூடான கதோட்டு இலத்திரன்களை வெளிவிடும். இருநூறு, முந்நூறு வோல்ற் அழுத்தத்தில் இருக்கும் அனோட்டு அவற்றை இழுக்கும். இரண்டுக்கும் நடுவே நெய்யரி என்ற கம்பி வலை. தோட்டத்து வாய்க்காலில் மடையைச் சிறிது அசைத்தால் பெருந்தண்ணீர் கூடிக் குறைகிறதல்லவா? அதுபோல நெய்யரியில் ஏற்படும் சிறு மாற்றம் பெரிய மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. 12ஏஎக்ஸ்7 என்ற வால்வு (ஐரோப்பாவில் இதன் பெயர் ஈசிசி83) ஒன்றே சிறு துடிப்பை ஐம்பது மடங்குக்கு மேல் பெருக்கிவிடும்.

சத்தம் பெரிதாகிவிட்டது. ஆனால் அதில் அசைவு இல்லை. பயின்ற பாடகர் ஒருவர் நீட்டிப் பாடும்போது குரல் விநாடிக்கு ஐந்தாறு தடவை மெல்ல அசையும். அசைவு இரண்டு வகை. சத்தம் கூடிக் குறைந்தால் திரெமொலோ. சுருதியே மேலும் கீழும் போய்வந்தால் விபிராட்டோ. ஆரம்பகால ஹமொண்டில் முதலாவது மட்டுமே இருந்தது. 1940களில் அந்நிறுவனப் பொறியியலாளர் ஜோன் ஹனேர்ட் இரண்டாவதுக்கு வழி கண்டார்.

சக்கரங்களின் வேகத்தை மாற்றாமல் சுருதியை மாற்றுவது எப்படி? ஊர்க் கடிதங்களுக்காகக் காத்திருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் நாளுக்கொரு கடிதம் போடுகிறார். எல்லாக் கடிதமும் பத்து நாள் பிந்தினாலும் எமக்கு நாளுக்கொன்று கிடைக்கும். ஆனால் தாமதம் கூடிக்கொண்டே போனால் கடிதங்கள் இடைவெளி விட்டு வரும். தாமதம் குறையத் தொடங்கினால் நெருங்கி வரும். போடுபவர் மாறவில்லை, வழிதான் மாறியது.

ஹனேர்ட் செய்ததும் இதுவே. சுருள்களையும் கொள்ளளவிகளையும் வரிசையாகக் கோத்து ஒரு தாமதப் பாதை அமைத்தார். அதன் கடைசிக்குப் போகும் துடிப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு விநாடி பிந்தும். பாதையின் பல இடங்களிலிருந்து கம்பிகள் வட்டமாக நிற்கும் 16 தகட்டுத் தொகுதிகளுக்கு வருகின்றன. நடுவே சுழலும் தகடு ஒன்று, எதையும் தொடாமலே, ஒவ்வொன்றிலிருந்தும் துடிப்பை வாங்குகிறது. ஒரு சுற்றில் அது பாதையின் கடைசிவரை போய்த் திரும்பிவிடும். போகும்போது தாமதம் கூடுகிறது, சுருதி தாழ்கிறது. திரும்பும்போது சுருதி உயர்கிறது. விநாடிக்கு ஏறக்குறைய ஏழு சுற்று. அசைந்த ஒலியோடு அசையாத ஒலியையும் கலந்தால் பலர் சேர்ந்து பாடுவது போலிருக்கும். அதற்குக் கோரஸ் என்று பெயர்.

டொன் லெஸ்லி என்பவர் வேறு வழியில் போனார். ஸ்பீக்கரின் முன் கொம்பையும் உருளையையும் சுழலவிட்டார். புகைவண்டி நெருங்கும்போது ஊதல் உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்பது போல, கொம்பு சுழலும்போது சுருதியும் சத்தமும் ஒருங்கே அசைகின்றன.

இனி வாசகரின் கேள்விக்கு வருவோம். குப்பைக்கு அனுப்பவேண்டாம். முதலில் விபிராட்டோ ஆளிகள் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒருவேளை நோயே அதுதான். திறந்தும் அசைவு வராவிட்டால், ஆண்டுக்கொரு தடவை விடவேண்டிய எண்ணெய் இல்லாமல் சுழலும் பாகம் இறுகியிருக்கலாம், அல்லது கொள்ளளவிகள் பழுதடைந்திருக்கலாம். இரண்டும் திருத்தக்கூடியவை.

தம்பிக்கு ஒரு வார்த்தை. பிளக்கைக் கழற்றிவிட்டேன் என்ற துணிவில் கையை உள்ளே விடவேண்டாம். மின்வழங்கிப் பகுதியின் பெரிய கொள்ளளவிகள் அதன் பின்னும் முந்நூறு வோல்ற் வரை தேக்கி வைத்திருக்கக்கூடும். வீட்டு வயரிங் தெரிந்தது இதற்குப் போதாது. வால்வு வேலை அறிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். தம்பி பக்கத்தில் நின்று பழகட்டும். இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் பலர் முதியவர்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு அறிவது நல்லது.