தனி வழங்கியும் ஊர்க்கிணறும்

எக்ஸ் தளத்தில் ஒரு கவிஞர் எழுதும் நான்கு வரிகளைப் படிக்க, நம் பெயரையும் நடமாட்டத்தையும் ஏன் ஒப்படைக்க வேண்டும்? 'நிட்டர்' என்னும் திறமூல நிரலைச் சொந்த வழங்கியில் நிறுவினால், பதிவுகளை அது பெற்று, விளம்பரமின்றி நம்மிடம் தருகிறது. நிறுவனத்துக்குத் தெரிவது வழங்கியின் முகவரியும் அதை இயக்கும் கணக்குமே. ஆனால், அதில் நாம் ஒருவர் மட்டுமே படித்தால் அம்முகவரியே நம் முகம். பலர் கூடிப் படிக்கும்போதுதான் யார் எதைப் படித்தார் என்பது மறைகிறது.

2024 ஜனவரியில் விருந்தினர் கணக்குகளை எக்ஸ் நிறுத்தியபின், நிட்டரை இயக்க உண்மையான கணக்குகள் தேவை. வழங்கியை நடத்துபவர், தம் கணக்கு முடக்கப்படும் அபாயத்தைப் பிறருக்காக ஏற்கிறார். தனி வழங்கி ஊர்க்கிணறாக வேண்டும். நம்பிக்கைக்குரிய நண்பர்கள் பத்துப் பேருக்கேனும் அதைத் திறந்துவைப்போம். கணக்கின் சுமையையும் பகிர்ந்துகொள்வோம்.