கண்ணாடியா, பீடமா?

நமது நண்பர் ஒருவர் தம் பெண்ணுக்காகத் தூரதிருஷ்டிக் கண்ணாடி வாங்க உத்தேசித்து, நம்மிடம் யோசனை கேட்டார். கண்ணாடியைத் தாங்கும் பீடத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கையால் தள்ளித் திருப்புவது. மற்றது கம்ப்யூட்டர் பூட்டியது; இரண்டொரு நக்ஷத்திரங்களை அடையாளம் காட்டிவிட்டால், கேட்ட கிரகத்தைத் தானே போய்ப் பிடித்துக்கொள்ளும்.

பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. நூறு மடங்கு பெருக்கிப் பார்த்தால், வியாழன் சுமார் இரண்டு நிமிஷத்தில் பார்வையை விட்டு நழுவிவிடும். கம்ப்யூட்டர் பீடம் அதைப் பின்தொடர்ந்து செல்லும். வெகுநேரம் படம் பிடிப்போருக்கு அது அவசியந்தான். ஆனால், மோட்டாருக்குக் கொடுக்கும் பணம் கண்ணாடியின் அளவில் குறைந்து போகிறதே! 4 அங்குலத்துக்குப் பதில் 8 அங்குல விட்டம் என்றால், சேரும் ஒளி நாலு மடங்கு.

ஸான் பிரான்ஸிஸ்கோ வேதாந்த மடத்தில் துறவியாக இருந்த ஜான் டாப்ஸன், கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தவர். 1967-ல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. பிறகு நடைபாதையில் நின்று வழிப்போக்கர்களுக்குச் சந்திரனைக் காட்டினார். அவருடைய எளிய பலகைப் பெட்டிப் பீடந்தான் இன்று அவர் பெயராலேயே எங்கும் விற்கிறது.

வழிகாட்டும் நக்ஷத்திரங்களே தெரியாத நகரத்து மாடிக்காரர்கள் கம்ப்யூட்டரை நாடினால் நாம் குறை சொல்லமாட்டோம். நண்பர் இருப்பதோ இருட்டான சிற்றூர். "பெட்டியையே வாங்குங்கள், சனியைக் குழந்தை தானே தேடிப் பிடிக்கட்டும். முதல் நாள் அரை மணி ஆகலாம், நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்" என்றோம்.

"கொசு கடிக்குமே, ஸார்!" என்றார் நண்பர்.