புட்டியின் மேல் யார் முகம்?

மதுவைப் பற்றி எழுதப் புகுந்தேன் என்று தோழர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. நான் பேச வந்தது புட்டிக்குள் இருப்பதைப் பற்றியன்று. புட்டியின் மேல் இருப்பதைப் பற்றியே.

லேபிள் என்பது என்ன? செய்தவன் இடும் கையொப்பம். பிரிட்டனில் வணிகக் குறிகளைப் பதிவு செய்யும் முறை 1876 சனவரி முதல் நாள் தொடங்கியபோது, முதற்குறியாகப் பதிவானது 'பாஸ்' பீரின் சிவப்பு முக்கோணம். எழுத்தறியாதவனும் இனங்கண்டு கொள்ளும் குறி அது. 1882 இல் பிரெஞ்சு ஓவியர் மனே தீட்டிய மதுக்கூடக் காட்சியில், மேசைமேல் நிற்கும் புட்டிகளில் இன்றும் அதைக் காணலாம்.

அமெரிக்காவில் 'கிராஃப்ட் பீர்' வடிக்கும் சிற்றாலைகள் பெருகின. பேராலைகளைப் போல் விளம்பரத்துக்குப் பணத்தை வாரி இறைக்க அவற்றால் ஆகுமா? ஆகாது. லேபிளே அவற்றின் வாய். லேபிளே அவற்றின் முகம். 1988 இல் தோன்றிய புரூக்ளின் ஆலைக்கு மில்ட்டன் கிளேசர் என்னும் புகழ்பெற்ற ஓவியர் 'பி' என்ற ஓரெழுத்தை வளைவு நெளிவோடு வரைந்து தந்தார். ஊர்ப் பெயரின் முதலெழுத்தே முத்திரையாயிற்று. சொந்த முகம், அதனால் நிலைத்தது.

கனெக்டிக்கட்டில் மற்றொரு சிற்றாலை என்ன செய்தது? காந்தியடிகளை இயந்திர மனிதராக்கி, 'காந்தி பாட்' என்று பெயரிட்டு, பீர் டின்னில் ஏற்றியது. எதிர்ப்பு எழவே 2015 சனவரியில் மன்னிப்புக் கேட்டது. பின்னர்ப் பெயரையும் மாற்றியது. மதிப்பினால்தான் செய்தோம் என்றார்கள். வாழ்நாளெல்லாம் மதுவிலக்குக்காக வாதாடியவரை மதுவுக்கே விளம்பரமாக்குவது என்ன மதிப்பு? ஒருவரைப் போற்றுமுன் அவரை அறிய வேண்டாவா?

மேனாட்டாரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. 2015 இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த 'பிரா 91', இந்தியாவின் தொலைபேசிக் குறியெண்ணைப் பெயரில் சூடிக்கொண்டது. தொடக்கத்தில் அந்தப் பீர் வடிக்கப்பட்டதோ பெல்சியத்தில்! எண் நம்முடையது, பண்டம் அயலாருடையது.

கலைக்குச் சுதந்தரம் வேண்டும் என்பீர்கள். வேண்டும், மறுக்கவில்லை. குரங்கை வரையுங்கள், மண்டையோட்டை வரையுங்கள். ஆனால் லேபிள் சுவரில் மாட்டும் ஓவியமன்று. வாங்குவோனிடம் தரும் வாக்கு. அந்த வாக்கில் கடன் வாங்கிய முகமும் இரவல் ஊரும் கலந்தால், அழகு எவ்வளவு இருந்தாலும் அது பொய்யே.

நம்மில் சிலர் நாளை சோப்புக்கும் தேயிலைக்கும் மருந்துக்கும் உறை வரையப் போகிறவர்கள். தூரிகையை எடுக்குமுன் ஒன்று கேளுங்கள்: இந்த முகம் யாருடையது?