ஆப்பிள் கன்றைக் காட்டி விவசாயி தலையில் மிளகாய் அரைப்பதா?



வேனில் வருகிறார்கள். ஆப்பிள் கொத்துக்கொத்தாய்த் தொங்குற வண்ணப்படத்தை விரிக்கிறார்கள். "எந்த மண்ணுலயும் வரும், எந்த வெயில்லயும் காய்க்கும்" என்கிறார்கள். நகையை அடகு வைத்து நாமும் வாங்கி நட்டோம். ஆடு கடிக்காமல் காவல் காத்தோம். குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினோம். நாலு வருசம் ஆச்சு. தழை வந்தது, காய் வரவில்லை. விற்றவன் போன் நம்பரும் செத்துக் கிடக்கிறது!

மரத்தின் மேல் தப்பில்லை. ஆப்பிள் குளிரில் உறங்கி எழுந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். சிம்லா, காஷ்மீர் ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ 1000 மணி நேரக் குளிர் வேண்டும். நம்ம சமவெளியில், மார்கழிப் பனியிலும் அந்தக் குளிர் ஏது?

குறைந்த குளிரில் காய்க்கும் ரகங்களும் உண்டு. இஸ்ரேலில் உருவான 'அன்னா'வுக்கும் 200, 300 மணி நேரக் குளிர் வேண்டும். மகரந்தத்துக்கு வேறு ரகம் பக்கத்தில் நிற்க வேண்டும். இமாச்சல விவசாயி ஹரிமன் சர்மா கண்டெடுத்த எச்.ஆர்.எம்.என்.-99 ரகம் இருக்கிறது. அவருக்கு 2025-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த விவசாயியோடு நமக்குச் சண்டையில்லை. அவர் ரகத்தின் பேரைச் சொல்லி, விதையில் முளைத்த ஏதோ ஒரு கன்றை ஒட்டுக்கன்று என்று நம் தலையில் கட்டுகிறானே, அவனோடுதான் சண்டை! விதைக்கன்று தாய்மரம் போல் காய்க்காது. அசல் ஒட்டுக்கன்றானாலும் வருசாவருசம் கவாத்து செய்யணும், வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. வேனில் வந்தவன் இதில் ஒன்றாவது சொன்னானா?

சட்டம் இல்லையா? இருக்கிறது! 1966 விதைச் சட்டப்படி உணவுப் பயிரின் கன்றும் ஒட்டும்கூட விதைதான். 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விற்பவனுக்கு உரிமம் வேண்டும், பில் கொடுக்க வேண்டும். விதை வாங்கி நட்டமான விவசாயி நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனா, பில் இல்லாம எதைக் காட்டி வழக்குப் போடுவது?

ஆகவே கேட்கிறோம்:

* உரிமமில்லாத வேன் வியாபாரத்தைத் தடுத்து நிறுத்து!
* ரகமும் குளிர்த் தேவையும் எழுதிய பில் இல்லாமல் ஒரு கன்றும் விற்க விடாதே!
* ஆப்பிள் எந்த வட்டாரத்தில் காய்க்கும், எங்கே காய்க்காது என்பதைத் தோட்டக்கலைத் துறை எழுத்தில் சொல்லட்டும்!
* ஏமாந்த விவசாயிக்கு நஷ்டஈடு வழங்கு!

ஏமாந்ததை வெட்கப்பட்டு மறைக்காதீங்க. வெட்கப்பட வேண்டியவன் ஏமாற்றியவன். துண்டுச்சீட்டோ போட்டோவோ, இருப்பதை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாங்க. ஒருத்தர் கேட்டால் அது மனு. ஊரே கேட்டால் அது போராட்டம்!

திரண்டு வாரீர்!

விவசாயிகள் சங்கம்