மீட்டரைப் பாக்காதீங்க மக்கா, பில்லைப் பாருங்க!

ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ மேல ஆசைப்படுற கூட்டம் இன்னும் குறையலை. 2022-ல் இந்தியாவில் போலோவையே நிறுத்திட்டாங்க, இனி பழசுதான். எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர்?" என்னைக் கேட்டா அது மூணாவது கேள்வி.

முதல்ல, எந்த வருஷம்? 2013-ல் வந்த 1.2 லிட்டர் வண்டியில் இருப்பது 7 கியர் டிஎஸ்ஜி, உலர் கிளட்ச். 2020-ல் வந்த 1.0 லிட்டர் ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வர்ட்டர், அந்தத் தலைவலி கிடையாது.

1.2 வாங்குறீங்கன்னா காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய் நில்லுங்க. "சூடு பண்ணி வெச்சிருக்கேன் சார்"னு ஓனர் சொன்னா, இன்னொரு நாள் வர்றேன்னு கிளம்பிடுங்க. பைபாஸ்ல பறக்கிறதெல்லாம் டெஸ்ட் டிரைவே இல்லை. நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்து போகணும். ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்கு மாறும்போது வண்டி நடுங்குதா, ரிவர்ஸ் போட்டதும் யோசிச்சு நகருதா, கிளட்சோ மெக்கட்ரானிக்ஸோ வேலை வைக்கப் போகுது. செலவு லட்சத்தில் பேசும்.

ரீமேப் பண்ணியிருக்கான்னு நேரடியா கேட்டுடுங்க. இந்த வண்டியை எவனும் ஆபீஸ் போக மட்டும் வாங்குறதில்லை (நானும் அந்தக் கூட்டம்தான், ஹி ஹி). கம்பெனி கொடுத்தது 175 நியூட்டன் மீட்டர், அந்த கியர்பாக்ஸ் தாங்குறது 250. நடுவுல எவ்வளவு ஏத்தினாங்கன்னு மீட்டர் சொல்லாது.

அந்த மீட்டரைக் குறைக்கவும் ஒரு லேப்டாப் போதும். பில்லே இல்லாத 40,000-ஐவிட, வருஷா வருஷம் ஆயில் மாத்தின பில்லோட வர்ற 1,10,000-க்கே என் ஓட்டு. கிளட்ச் மாத்தின பில்லும் இருந்தா கூட பத்தாயிரம் கேட்டாலும் குடுக்கலாம்.