வேலை தேடுவதும் ஒரு வேலைதான்!

இளைஞர்களே!

படிப்பை முடித்துவிட்டீர்கள். பத்து, இருபது, நாற்பது என்று விண்ணப்பங்களும் போட்டுவிட்டீர்கள். நேர்முகத் தேர்வுக்கு அழைத்த சில இடங்களிலும் "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. வாப்பா எதுவும் கேட்பதில்லை. அவர் கேட்காமல் இருப்பதுதான் உங்களைச் சுடுகிறது. இன்று நம் தெருவில் பல வீடுகளின் நிலை இதுதான்.

முன்பெல்லாம் இதற்கு நாம் வைத்திருந்த ஒரே மருந்து வளைகுடா. அந்த வாசலும் இப்போது குறுகிவிட்டது. 2011-ல் சவூதி அரேபியா 'நிதாகத்' திட்டத்தைக் கொண்டுவந்து, சொந்த நாட்டவருக்கு வேலை தரும்படி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. 2014-ல் எண்ணெய் விலை சரிந்தது. 2020-ல் வந்த கொரோனா, வேலையில் இருந்தவர்களையே ஊருக்குத் திருப்பி அனுப்பியது. ஆகவே, வேலை கிடைக்காததை உங்கள் தகுதிக்குக் கிடைத்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதற்காகத் திண்ணையில் உட்கார்ந்துவிடலாமா? கூடாது! வேலை தேடுவதுதான் இன்று உங்கள் வேலை. நேற்று வியாபாரம் ஆகவில்லை என்று எந்தக் கடைக்காரராவது இன்று கடையைத் திறக்காமல் இருக்கிறாரா? போகாத சரக்கு எது என்று பார்க்கிறார், மாற்றுகிறார், கணக்கு எழுதுகிறார். நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். எங்கே, எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள்? என்ன கேட்டார்கள்? எதில் தடுமாறினீர்கள்? ஆங்கிலப் பேச்சிலா, கணினியிலா, கணக்கிலா? அடுத்த ஒரு மாதம் அதையே படியுங்கள்.

அரசு வேலையை எட்டாக்கனி என்று ஒதுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2007-ல் வந்த 3.5 சதவீத தனி இடஒதுக்கீடு நம் கையில் இருக்கிறது. விண்ணப்பமே போடாதவருக்கு ஒதுக்கீடு என்ன செய்யும்? குரூப் 4 தேர்வு எழுதப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இப்போதைய முறைப்படி 200 கேள்விகளில் 100 தமிழ்ப் பகுதியில் வருகின்றன. அதில் 150-க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். எனவே பள்ளித் தமிழ்ப் புத்தகங்களிலிருந்து தொடங்குங்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் மறவாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை! நீங்கள் சோர்ந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் தரகர் வருவார். "பணத்தைக் கட்டு, விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பார். உம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போகும். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். பிடிபடுவது நீங்கள்தான், தரகர் அல்ல. அவர் அரசிடம் பதிவு பெற்ற முகவர்தானா என்று சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் விசாரிக்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வியாபாரப் பெருமக்களே! உங்களிடமும் ஒரு வார்த்தை.

நாட்டின் முஸ்லிம்கள் மாதச் சம்பள வேலைகளில் குறைவாகவும் சுயதொழிலில் அதிகமாகவும் இருப்பதை 2006-ல் சச்சார் குழு அறிக்கை எடுத்துக்காட்டியது. இதன் விளைவு என்ன? அலுவலகங்களில் நம்மவர் குறைவு என்பதால், எங்கே ஆள் தேவை என்ற செய்தியே நம் பிள்ளைகளின் காதுக்கு வருவதில்லை. ஆனால் உங்கள் காதுக்கு வருகிறது! ஆடிட்டரிடமும் வங்கியிலும் மொத்த வியாபாரியிடமும் தினமும் பேசுபவர்கள் நீங்கள்தானே? கேட்ட செய்தியை ஜமாஅத் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். வேலை கேட்டு வருபவரை "பிறகு பார்க்கலாம்" என்று அலையவிடாதீர்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்து யாரைப் பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு பட்டதாரியை நியாயமான சம்பளத்தில் ஆறு மாதம் கணக்கு எழுத வைத்து, அனுபவச் சான்றிதழ் கொடுத்து அனுப்புங்கள். அடுத்த இடத்தில் அவர் வெறுங்கையோடு நிற்க மாட்டார்.

பொருளாதாரம் எப்போது சீராகும் என்பது நம் கையில் இல்லை. இன்று ஒரு விண்ணப்பம் போடுவதும், இன்று ஒருவருக்கு வழி சொல்வதும் நம் கையில்தான் இருக்கின்றன. செய்வோமா?